பழைய வீட்டைப் புதுப்பிக்க மொத்தக் கான்ட்ராக்டா, தனித்தனி ஆட்களா?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

திருச்சியில் அப்பா கட்டிய வீடு. முன்பகுதி கட்டைக்குத்து (மர உத்திரத்தின் மேல் போட்ட பழைய சுண்ணாம்புத் தளம்), பின்பகுதி 1986-ல் போட்ட கான்கிரீட் தளம். இரண்டு பக்கமும் ஒழுகுகிறது. பாத்ரூம், வயரிங், தரை எல்லாமே மாற்ற வேண்டும். நான் இருப்பது அபுதாபியில், அப்பாவுக்கு 74 வயது. ஒரு கான்ட்ராக்டர் மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடி ரேட் சொல்கிறார். 40 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் தலைவலி இல்லை என்பது என் எண்ணம். சரிதானே?

9 பிப்ரவரி 2025, இரவு

சரியில்லை. மொத்தக் கான்ட்ராக்டே கூடாது என்று சொல்லவில்லை. சதுர அடி ரேட்டில் மொத்தக் கான்ட்ராக்ட் என்பது புதுப்பிப்பு வேலைக்குப் பொருந்தாது.

புது வீடு கட்டும்போது என்னென்ன வரும் என்று முன்பே தெரியும். ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு கம்பி என்பதை அனுபவமுள்ள மேஸ்திரி மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். பழைய வீட்டில் பூச்சைக் கொத்திப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. ஒரு அறையில் மேல்பூச்சை மட்டும் எடுத்துவிட்டுப் பூசினால் போதும். பக்கத்து அறையில் செங்கல்லே உப்புப் பூத்து, விரலால் சுரண்டினால் உதிரும். இரண்டுக்கும் ஒரே ரேட் என்கிறார் என்றால், ஒன்று பயத்தில் கூட்டிச் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் உதிர்கிற செங்கல்லின் மேலேயே பூசிவிட்டுப் போகப் போகிறார்.

உறையூரில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவரும் இப்படித்தான். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார், போனில் கணக்குப் போட்டார், ஒரு தொகை சொன்னார். குழாய் மாற்றுவது இதில் வருமா என்று கேட்டேன். "எல்லாம் சேர்ந்ததும்மா, கவலையே படாதீங்க" என்றார். எந்தப் பைப், எத்தனை பாயின்ட், டைல்ஸ் என்ன விலையில், எதுவும் தாளில் வரவில்லை. நாங்கள் கொடுக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டார் கொடுத்தார்கள். பாத்ரூமை இடித்துப் போட்ட பிறகு, "உள்ளே பைப் எல்லாம் மக்கியிருக்கு, அது தனி" என்று பாதியில் நின்றது வேலை. இடித்த வீட்டில் பேரம் பேச முடியாது. அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இன்னொரு விஷயம். கான்ட்ராக்டர் கரண்டி பிடிக்க மாட்டார். அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனார், சித்தாள். உங்கள் வீட்டுச் சுவர் நிற்பதும் ஒழுகுவதும் அந்த மேஸ்திரியின் கையில் இருக்கிறது. அவர் யார் என்றே தெரியாமல் ரேட் பேசாதீர்கள். "எங்க வேலைக்கு எந்த மேஸ்திரி வருவார், அவரை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று கேளுங்கள். சிலர் அதோடு திரும்ப வர மாட்டார்கள். அதுவும் பதில்தான்.

10 பிப்ரவரி 2025

40 சதவீதத்தைப் பற்றி நேற்று எழுதவில்லை. கொடுக்காதீர்கள். மெட்டீரியல் வாங்கத்தான் அட்வான்ஸ் என்றால், முதல் வாரத்துக்கு என்ன மெட்டீரியல் வேண்டுமோ அதன் பில்லைக் கடைக்கு நீங்களே கட்டுங்கள். சிமென்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் யூபிஐ இருக்கிறது, அபுதாபியிலிருந்தே கட்டலாம். ஆட்களைக் கூட்டி வருவதற்கு மேஸ்திரிக்கு ஒரு வாரக் கூலி அளவு முன்பணம் கொடுப்பது நியாயம். பெரும்பாலான மேஸ்திரிகள் அந்தப் பணத்தை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துத்தான் அவர்களை வேறு வேலைக்குப் போகாமல் நிறுத்தி வைக்கிறார்கள்.

14 பிப்ரவரி 2025

"நல்ல மேஸ்திரியை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் போன வழியைச் சொல்கிறேன்.

போனில் அவர் காட்டும் படங்களைப் பார்க்காதீர்கள். நேற்று முடித்த வேலை எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கூட வராமல் நீங்கள் தனியாகப் போய், அந்த வீட்டுக்காரரிடம் நேராகப் பேசுங்கள்.

போனால் ஹாலைப் பார்க்காதீர்கள். பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரைப் பாருங்கள், ஈரம் ஊறியிருந்தால் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். மாடியில் பாத்ரூம் இருந்தால் அதற்கு நேர்கீழே உள்ள சீலிங்கைப் பாருங்கள். பாத்ரூம் தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வாட்டம் எந்தப் பக்கம் போகிறது, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அந்த வீட்டம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி: வேலை முடிந்த பிறகு ஏதாவது கோளாறு வந்து கூப்பிட்டீர்களா, வந்தாரா? கோளாறே வரவில்லை என்கிற பதிலைவிட, வந்தது, கூப்பிட்டோம், அந்த வாரமே வந்து சரிசெய்தார் என்கிற பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

எங்கள் மேஸ்திரியை அப்படித்தான் பிடித்தோம். அவர் முதலில் வந்தபோது ரேட்டே சொல்லவில்லை. ஒரு சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். "அக்கா, இங்க பொய்ச்சத்தம் கேக்குது பாருங்க" என்று காதை வைக்கச் சொன்னார். பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடமெல்லாம் டொக்கு டொக்கு என்று வெறுமையாகச் சத்தம் கேட்டது. சாக்பீஸால் அந்த இடங்களை எல்லாம் வட்டம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அளவெடுத்தார். அன்றே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

16 பிப்ரவரி 2025

கட்டைக்குத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் பழைய வீடுகள் கெடுகின்றன.

தெரியாதவர்களுக்கு: தேக்கு உத்திரங்களை அடுத்தடுத்துப் போட்டு, அவற்றின் மேல் சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, சாய்வரிசையில் நிறுத்தி அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வதும் இதைத்தான். சரியாகப் பராமரித்தால் நூறு வருஷம் நிற்கிற தளம் இது.

ஒழுகுகிறது என்றதும் வருகிறவர்களில் பாதிப்பேர், "மேல ரெண்டு இஞ்ச் கான்கிரீட் போட்டுடலாம்" என்பார்கள். விடாதீர்கள். உத்திரம் ஏற்கெனவே சுமக்கிற பாரத்தின் மேல் இன்னொரு பாரம் ஏறும். அதைவிட மோசம், சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி மெதுவாக வெளியே விடும் பொருள். மேலே சிமென்ட் மூடி போட்டுவிட்டால், எங்காவது நுழைகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கீழே மரத்தில் இறங்கும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் மக்கும், அதுதான் கண்ணுக்குத் தெரியாத இடம்.

முதலில் உத்திரத்தைச் சோதிக்க ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள். சுவரோரமாக ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பார். உள்ளே இறங்கினால் கரையானோ மக்கலோ இருக்கிறது. மரம் நன்றாக இருந்தால், மேலே தட்டோட்டை எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் சுருக்கியும் (செங்கல் பொடி) சேர்த்த கலவையில் வாட்டம் பிடித்துத் திரும்பப் பதித்தால் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். கோயில் திருப்பணி செய்கிற குழுக்களிடமும் காரைக்குடிப் பக்கமும் கேட்டால் கிடைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைக் கலவைக்கு இன்றும் சேர்க்கிற ஆட்கள் அவர்கள். கூலி அதிகம், வேலை மெதுவாக நடக்கும். ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு அவர்கள்தான் வேண்டும்.

முன்பகுதிச் சுவர் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அதற்கும் இதே கதைதான். மேலே சிமென்ட் பூசினால் சில வருஷத்தில் பாளம் பாளமாகக் கழன்று வரும்.

16 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

பின்பகுதிக் கான்கிரீட் தளம் வேறு நோய். சீலிங்கில் பூச்சு விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? தெரிந்தால் மேலே எத்தனை கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்தும் பயனில்லை. துருப்பிடித்த கம்பி உப்பி, அதுவே கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். இதை மேஸ்திரியிடமோ பெயிண்ட் கடைக்காரரிடமோ கேட்காதீர்கள், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். சுவரை இடித்துச் சமையலறையைத் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் அந்த இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். 9 அங்குலச் சுவர்கள்தான் அந்தத் தளத்தைத் தாங்குகின்றன.

23 பிப்ரவரி 2025

சண்டை வருவது ரேட்டில் இல்லை. ரேட்டுக்குள் எது சேரும் என்பதில்தான். நான் ஒரு முழு வாரம் மேஸ்திரியோடு உட்கார்ந்து இதைத்தான் பேசினேன், அதன் பிறகு வேலை முடியும்வரை பணத்தால் ஒரு மனக்கசப்பும் வரவில்லை.

ரப்பீஸ், அதாவது இடித்த குப்பை, யார் அள்ளுவது? பழைய வீட்டில் இது சின்னச் செலவு இல்லை. இடித்ததை மூட்டை கட்டி வாசலுக்குக் கொண்டுவருவது ஒரு கூலி, டாடா ஏஸில் ஏற்றிப் போவது இன்னொரு கூலி. மணலும் டைல்ஸும் வந்து இறங்கும்போது இறக்குக்கூலி யாருடையது, மாடிக்கு ஏற்றுவது யாருடையது? சாரத்துக்குக் கம்பும் பலகையும் யார் கொண்டுவருவது? எலக்ட்ரீஷியன் வயருக்காகச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுத்தபின் அதை அடைத்துப் பூசுவது அவரா, கொத்தனாரா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, எல்லா வீட்டிலும் அடித்துக்கொள்கிறார்கள்.

டைல்ஸ்காரரிடம் பேசும்போது சதுர அடி ரேட்டோடு நிறுத்தாதீர்கள். ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டை) ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது நீளத்துக்கு, படிக்கட்டு ஒரு படிக்கு இவ்வளவு, மூலையில் 45 டிகிரிச் சாய்வாக வெட்டுகிற கட்டிங் ரன்னிங் அடிக்குத் தனி, கிரானைட் நோசிங் (விளிம்பை உருட்டுவது) தனி. இவை எல்லாம் சேர்ந்து சில வீடுகளில் தரைக்கூலியைத் தாண்டிவிடும். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், அந்த வேலைகளில் நிஜமாகவே நேரம் போகிறது. முன்பே பேசிவிடுவதுதான் இருவருக்கும் மரியாதை.

டைல்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒரு பெட்டியில் 4 இருக்கும், பரப்பு 15.5 சதுர அடி. 120 சதுர அடி அறைக்குச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 132, ஆக 9 பெட்டி. பெட்டி மேலுள்ள பேட்ச் நம்பரும் ஷேட் நம்பரும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒட்டிய பிறகு தெரியும் நிற வித்தியாசத்துக்கு மருந்து கிடையாது.

24 பிப்ரவரி 2025

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: "பூச்சுக்கு அளக்கும்போது ஜன்னல், கதவு இடத்தைக் கழிக்க மாட்டேன் என்கிறார் மேஸ்திரி. பூசாத இடத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?"

மேஸ்திரி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜன்னலைச் சுற்றி ஓரம் பிடித்து, உள்மடிப்பு (திறப்புக்குள் சுவரின் தடிமன் தெரியும் பக்கம்) பூசுவது வெறும் சுவரைப் பூசுவதைவிடக் கடினம். அதனால்தான் ஐ.எஸ். 1200 என்கிற அளவு விதியே இப்படிச் சொல்கிறது: அரை சதுர மீட்டருக்குள் உள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்கு, இரு பக்கமும் பூசினால் ஒரு பக்கத்தை மட்டும் கழிக்க வேண்டும், உள்மடிப்புக்குத் தனிக் காசு இல்லை. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்துவிட்டு, உள்மடிப்பை அளந்து சேர்க்க வேண்டும். உங்கள் நாலுக்கு நாலு ஜன்னல் 16 சதுர அடி, ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். ஒரு பக்கம் கழியுங்கள், ஒரு பக்கம் கொடுங்கள். இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அரசு ஒப்பந்த வேலை பார்த்த மேஸ்திரி என்றால் அவருக்கே தெரிந்திருக்கும்.

2 மார்ச் 2025

எலக்ட்ரீஷியன், பிளம்பர் இருவரையும் மேஸ்திரி மூலமாக எடுக்காமல் நேரடியாகப் பேசுங்கள்.

வயரிங் முழுக்க மாற்றுகிறீர்கள் என்றால் மின்கம்பியாளர் தகுதிச் சான்று வைத்திருப்பவரைக் கேளுங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுப்பது அது. கையில் இருப்பவர் பெருமையாகவே எடுத்துக் காட்டுவார். வழக்கமாக லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. வயர் சுருளை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஈஎல்சிபி கட்டாயம் வேண்டும். 74 வயதுக்காரர் ஈரக்கையோடு ஹீட்டர் சுவிட்சைத் தொடுகிற வீடு இது. எர்த் சரியில்லாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை, அதை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளம்பிங்கில் சுடுதண்ணீருக்குச் சிபிவிசி, கழிவுக்கு எஸ்டபிள்யூஆர் பைப். சுவருக்குள் போகும் லைன் எல்லாவற்றையும் பூசுவதற்கு முன் கைப்பம்பு வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்து, இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் பிரஷர் மீட்டரின் முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூம் தரையில் வாட்டர்ப்ரூஃப் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் வெளியேறும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே இருந்து பாருங்கள். "நேரமாகுது சார், டைல்ஸ்காரன் வந்து நிக்கிறான்" என்பார்கள். நிற்கட்டும்.

காடி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

9 மார்ச் 2025

பணத்தைப் பற்றி இதுவரை எழுதியதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கடைசி 10 சதவீதத்தை மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான் இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கணக்கைக் காட்டினார். லேபர் கான்ட்ராக்டில் (மெட்டீரியல் நம்முடையது, கூலி மட்டும் பேசுவது) வருகிற பணத்தில் பெரும்பகுதி சனிக்கிழமைச் சம்பளமாகக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போய்விடுகிறது. 10 சதவீதம் என்பது ஏறக்குறைய அவர் கையில் நிற்கிற முழு லாபம். பூச்சு வேலைக்கும் தரை வேலைக்கும் அதைப் பல மாதம் முடக்கினால், அவர் ஆட்களின் கூலியில் கை வைக்க வேண்டிவரும்.

அதனால் நாங்கள் வேறு விதமாகப் பேசினோம். சனிக்கிழமை கூலி ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் சாயங்காலமே போய்விடும். பிடித்து வைப்பது மொட்டை மாடி, பாத்ரூம் வாட்டர்ப்ரூஃப் வேலைக்கான தொகையில் மட்டும். என்ன நடந்தால் எப்போது அதைக் கொடுப்பேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன், அவரும் சரி என்று பதில் போட்டார். இதுதான் நியாயம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் "திங்கட்கிழமை தரேன்" என்று சொல்கிற வீட்டுக்கு நல்ல ஆட்கள் திரும்ப வருவதில்லை.

9 மார்ச் 2025, இரவு

கூலி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முதல் நாளே காட்டுங்கள். பாத்ரூமை இடித்துவிட்ட வீட்டில் நாள் முழுக்க ஜல்லி சுமக்கிறவர் எங்கே போவார் என்று யோசிக்கிறவர்கள் மிகக் குறைவு. குடிக்கத் தண்ணீர், பதினொரு மணி டீ, நாலு மணி டீ. சாரத்தில் ஏறுகிறவர்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994-லிருந்து தமிழ்நாட்டில் இந்த வாரியம் இருக்கிறது, 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பதிவு இருந்தால் விபத்து நடந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரு சித்தாளுக்கு அட்டை காலாவதியாகியிருந்தது. இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் புதுப்பித்தோம்.

6 ஏப்ரல் 2025

கோவையிலிருந்து ஒருவர் மறுக்கிறார். மொத்தமாக ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்தாராம், ஒரு குறையும் இல்லாமல் முடிந்ததாம். தனித்தனியாக ஆள் பிடித்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள் என்கிறார்.

அவர் எழுதியதை முழுக்கப் படித்தேன். அவருடைய கான்ட்ராக்டர் சதுர அடி ரேட் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலையையும் அளவோடும் பிராண்டோடும் தனித்தனியாக எழுதி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார், தினமும் வேலை நடக்கும் இடத்தில் நின்றிருக்கிறார், பத்து வருஷமாக ஒரே மேஸ்திரிக் குழுவை வைத்திருக்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் நானும் மொத்தமாகவே கொடுப்பேன். வேலை செய்யும் கை யாருடையது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, என்ன செய்யப் போகிறார்கள் என்பது எழுத்தில் இருந்தது. நான் முதல் நாளிலிருந்து கேட்பதும் அதைத்தான்.

பழி போடுவது பற்றி அவர் சொல்வது உண்மை. பிளம்பர் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி டைல்ஸ்காரரைச் சொல்வார். ஒருவர் வேலையை முடித்து அடுத்தவர் தொடங்கும் அன்று இருவரையும் ஒன்றாக நிறுத்தி, சோதித்துக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்வதுதான் வழி. தினமும் வேலை இடத்தில் இருக்க முடியாதவர்கள் இதைச் செய்ய முடியாது.

13 ஏப்ரல் 2025

அபுதாபிக்காரர் கேட்பது அதுதான்: "அப்பாவால் மாடி ஏற முடியாது. யார் பார்ப்பது?"

தனியாகத் தொழில் செய்யும் சிவில் இன்ஜினியர் ஒருவரை மேற்பார்வைக்கு மட்டும் பேசுங்கள். மெட்டீரியல் வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்காதீர்கள், கடை கமிஷன் உள்ளே வந்துவிடும். மாதக் கட்டணமோ வேலை மதிப்பில் ஒரு சதவீதமோ பேசி, மூடப்படும் வேலை எதுவும் அவர் பார்க்காமல் மூடக் கூடாது என்று மேஸ்திரி முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவைக் கண்காணிப்பாளராக ஆக்காதீர்கள். அவர் கட்டிய வீடு இடிபடுவதைப் பார்ப்பதே அவருக்குப் பெரிய பாரம். ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள். பழைய கழிவுநீர்த் தொட்டி எங்கே, எந்தச் சுவருக்குள் எந்த லைன் போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கள் பெரியப்பா காட்டிய இடத்தில் தோண்டியபோதுதான் அடைப்பு கிடைத்தது.

தண்ணீர் விடுவதையும் யாரையாவது பொறுப்பாக்குங்கள். இப்போது கடையில் வரும் சிமென்ட்டில் பெரும்பகுதி பிபிசி என்கிற கலப்பு வகை. கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமென்ட்டில் குறைந்தது 7 நாள், இந்தக் கலப்பு வகையில் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்கிற கான்கிரீட் விதி. திருச்சி வெயிலில் காலையில் ஒரு தடவை பைப்பைக் காட்டிவிட்டுப் போனால் பத்து மணிக்கே காய்ந்துவிடும். ஒரு சித்தாளுக்குச் சாயங்காலம் தனிக்கூலி கொடுத்து இதற்கென்றே வையுங்கள், தளத்தில் பாத்தி கட்டுங்கள்.

20 ஜூலை 2025

ஆடி மாதத்தில் வேலை தொடங்கலாமா என்று ஒருவர். உங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் தாராளமாக. பலர் ஆடியில் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை, அதனால் நல்ல மேஸ்திரிக்கு நேரம் கிடைக்கும் மாதம் இது. மனசு கேட்காதவர்கள் ஆனியிலேயே ஒரு செங்கல் வைத்துத் தொடக்கிவிட்டு ஆடியில் தொடர்வார்கள், எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மொட்டை மாடி வேலை என்றால் ஐப்பசிக்கு முன் முடியும்படி பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். பழைய ஆசாரிகள் சிலர் அமாவாசையன்று உளியைத் தொட மாட்டார்கள், அதற்கும் நாள் விடுங்கள்.

24 செப்டம்பர் 2025

சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 22-ஆம் தேதியிலிருந்து 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அடக்க விலை மாறாமல் இருந்தால் 350 ரூபாய் மூட்டையில் சுமார் 27 ரூபாய் குறைய வேண்டும். மெட்டீரியலோடு சேர்த்து முன்பே ரேட் பேசியவர்கள், இனி வரும் மூட்டைகளுக்கான பில்லைக் கேளுங்கள். லேபர் கான்ட்ராக்டில் நீங்களே வாங்குகிறவர்கள் கடையில் பில் போட்டு வாங்குங்கள், அப்போதுதான் வித்தியாசம் உங்கள் கைக்கு வரும்.

19 அக்டோபர் 2025

கரூரிலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. முழுப்பணமும் வாங்கிக்கொண்டு கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை, புதுத்தளம் ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?

வீட்டு வேலை ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். வீடு கட்டித் தருவது சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லியிருக்கிறது, 2019 சட்டமும் அதைச் சேர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், 5 லட்சம் வரை மனுக்கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். அதற்கு முன் ஒரு இன்ஜினியரிடம் படங்களோடு அறிக்கை வாங்குங்கள், கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், அதன் பிறகே வேறு ஆளை வைத்துச் சரிசெய்யுங்கள். முதலிலேயே இடித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் பாதி வேலை முடிந்தது. கையில் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் அவர் ஒத்துக்கொண்ட வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

16 நவம்பர் 2025

அபுதாபிக்காரர் வீட்டில் வேலை செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. கட்டைக்குத்துக்குக் காரைக்குடிப் பக்கத்து ஆட்கள், மற்றதற்கு உள்ளூர் மேஸ்திரி, மேற்பார்வைக்கு ஒரு இன்ஜினியர். மழையில் முன்பகுதி ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். பின்பகுதியில் கைப்பிடிச் சுவர் மூலையில் ஒரு இடத்தில் கசிவு. மேஸ்திரி வந்து பார்த்தார், வெயில் வந்ததும் அந்த மூலையை வெட்டி அரைவட்டமாகக் கலவை அணைத்துத் தருகிறேன் என்றார், அதுவரை பிடித்து வைத்த தொகையைக் கேட்கவும் இல்லை. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

அவர் இப்போது கேட்பது: கழற்றி வைத்த பழைய தேக்கு ஜன்னல்களைப் பழைய மரக்கடைக்காரர் மொத்தமாகக் கேட்கிறார், கொடுக்கலாமா? கொடுக்காதீர்கள். மரக்கடையில் எடைக்கும் அடிக்கும் பேசுவார்கள், ஆனால் அந்த வைரம் பாய்ந்த தேக்கு இன்றைக்குக் கடையில் கிடைக்காது. ஆசாரியைக் கூப்பிட்டு ஆணிகளைப் பிடுங்கச் சொல்லி, கரையான் இல்லாத சட்டங்களை மட்டும் பிரித்துத் தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி வையுங்கள். பூஜை அறைக் கதவுக்கும் அப்பாவுக்கு ஒரு சாய்வு பெஞ்சுக்கும் போதும் என்று நினைக்கிறேன். எத்தனை அடி தேறும் என்று ஆசாரி அளந்து சொன்னதும் எழுதுங்கள், கூலி எவ்வளவு பேசலாம் என்று சொல்கிறேன்.